படுத்தால் தூக்கம் வரவில்லையா, தோழர்களே?

கம்போங் ராஜா வட்டாரத்தில் லயத்துப் பக்கம் போய் நாலு பேரோடு உட்கார்ந்து பேசினால், சம்பளக் குறை, வீட்டுக் குறை, தண்ணீர்க் குறை எல்லாம் வந்து முடிந்த பிறகு, எழுந்திருக்கும் நேரத்தில் இன்னொரு குறை வரும். "அண்ணே, ஒடம்பு அசந்து கெடக்குது. ஆனா படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது." இந்தக் குறையை யாரும் சங்கத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. அதற்கு மனுவும் இல்லை, விசாரணையும் இல்லை. தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தலையெழுத்து ஒன்றும் இல்லை, தோழர்களே. தூக்கம் வராததற்குக் காரணங்கள் உண்டு. சில காரணங்கள் நம் கையில் இருக்கின்றன. சில காரணங்கள் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. நம் கையில் இருப்பதை இன்று ராத்திரியே சரி செய்து பார்க்கலாம். நிர்வாகத்தின் கையில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கடிகாரமும் சூரியனும்

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டு சொன்னதற்காக 2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

நம் நாட்டில் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்பதற்காகச் செய்தது. அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனைவிட முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கேமரன் மலையில் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். அதனால்தான் நமக்கு உச்சிப் பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் ஒரு மணிக்கு மேல் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் பெண், சூரியக் கணக்கில் மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்கிறாள். "ஒம்போதரைக்கே படுத்துட்டேன், தூக்கம் வரல" என்பவர், சூரியக் கணக்கில் எட்டேகாலுக்குப் படுத்திருக்கிறார். உடம்பு 'இன்னும் நேரமாகவில்லை' என்கிறது. இது நோய் இல்லை.

இதற்கு வழி உண்டா? உண்டு. உடம்புக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாம். ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் எழுவது. ஓய்வு நாளில் பத்து மணி வரை படுத்துக் கிடந்தால், அடுத்த நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். ஓய்வு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் படுக்க வேண்டாம். இரண்டு, எழுந்ததும் வெளிச்சத்தைக் கண்ணில் வாங்குவது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அது தானாகக் கிடைக்கிறது. தொழிற்சாலைக்குள்ளும் பேக்கிங் கொட்டகைக்குள்ளும் நிற்பவர்கள் வேலைக்கு முன் பத்து நிமிஷமாவது வெளியே நிற்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கொழுந்து வாட்டும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் நின்றுவிட்டு வருகிறவர்கள் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அறையை இருட்டாக்கிப் படுக்க வேண்டும்.

பூவை ஏமாற்றும் விளக்கு

ராத்திரியில் நம் மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செவ்வந்தித் தோட்டங்களில் வரிசை வரிசையாக விளக்கு எரியும். பூவுக்கு எதற்கு விளக்கு? செவ்வந்தி, நீண்ட இருட்டு வந்தால்தான் மொட்டு வைக்கும். ராத்திரியில் விளக்கைப் போட்டு இருட்டை வெட்டிவிட்டால், காலம் வரவில்லை என்று அது நம்பி, மொட்டு வைக்காமல் தண்டை நீட்டிக்கொண்டே போகும். நீண்ட தண்டுக்குத்தான் சந்தையில் விலை.

மனித உடம்பையும் வெளிச்சம் ஏமாற்றும். இருட்டினால் மூளைக்குள் மெலடோனின் என்ற சுரப்பு ஊறத் தொடங்கும். 'ராத்திரி வந்துவிட்டது, அடங்கு' என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு அது. கண்ணுக்கு நேரே வெளிச்சம் இருந்தால் அது தாமதிக்கும். பக்கத்துத் தோட்டத்து விளக்கு ஜன்னலில் அடிக்கிறதென்றால், பழைய சேலையையோ கெட்டித் துணியையோ இரண்டாக மடித்துக் கட்டுங்கள். அதைவிடப் பெரிய விளக்கு நம் கையிலேயே இருக்கிறது: கைப்பேசி! படுப்பதற்கு முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ பத்து நிமிஷம் கூடுதலாக ஆனது என்று 2014இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். சும்மா படித்தவர்களுக்கே அப்படி! வாட்ஸ்அப்பில் வரும் சண்டையும் சச்சரவும் பார்த்துவிட்டுப் படுத்தால் மனசு எப்படி அடங்கும்? படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே அதைத் தூர வைத்துவிடுங்கள். அலாரம் வேண்டுமென்றால் அடுத்த அறையில் அடிக்கட்டும். எழுந்து போய் நிறுத்துவதும் நல்லதுதான்.

தேயிலைக்காரனுக்குத் தேத்தண்ணியே பகை

நாம் பறித்துக் கொடுக்கும் கொழுந்துதான் உலகத்தை விழிக்க வைக்கிறது. நம்மையும் விடாது. பகல் முழுதும் உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத்தான் கண் சொக்கும். தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருக்கும் காஃபின், அந்தப் பொருள் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசதி இருக்கும், ஆனால் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. "ஒடம்பு அசந்து கெடக்குது, கண்ணு மூட மாட்டேங்குது" என்ற முறையீட்டுக்குப் பல வீடுகளில் இதுதான் விளக்கம்.

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்து ஒரு பெரிய குவளை குடித்தால், பத்து மணிக்குப் படுக்கும்போது பாதிக் குவளை உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது. பசியாறும்போது குடியுங்கள், மத்தியானம் குடியுங்கள். இரண்டு மூன்று மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலக் குளிருக்கு இஞ்சித் தண்ணியோ மல்லித் தண்ணியோ போதும்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்று சிலர் சொல்வார்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அரசாங்க சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்சுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. "ஒரு கிளாஸ் போட்டா நல்லா தூக்கம் வரும்லா" என்பார்கள். வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடு ராத்திரிக்கு மேல் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக உடையும். வாய் உலரும், ஒன்றுக்குப் போக எழுப்பும், குறட்டை கூடும். காலையில் எழும்போது தூங்காதவன் மாதிரியே இருக்கும். மறுநாள் அந்த அசதிக்கு இன்னொரு கிளாஸ்! பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சம்சுவை எதிர்த்து வருகிறது. எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்த பானம் அது. தூக்கத்தையும் கெடுக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலைச் சூடாக்குங்கள்

தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அது கை கால் வழியாகத்தான் வெளியே போகிறது. கால் சில்லென்று இருந்தால் அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். சூடு உள்ளேயே நின்றுவிடும். பாதம் சூடாக இருப்பவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். கோலாலம்பூர்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இந்த மலையில், பனி இறங்கும் ராத்திரியில், சிமெண்டுத் தரையில் நிற்கும் நமக்கு இது அத்தியாவசியம்.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெந்நீரில் குளித்தால், தூக்கம் வரும் நேரம் ஏறத்தாழ பத்து நிமிஷம் குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். குளிக்க வசதி இல்லையா? ஒரு வாளி வெந்நீரில் காலை ஊற வைத்து, துடைத்து, காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். நம் பாட்டிமார் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்கச் சொன்னதும் சும்மா இல்லை.

படுத்த பிறகு

கூடை சுமந்த தோளும், கொழுந்து வெட்டும் மெஷின் பிடித்த கையும் படுத்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் ஒரு முறை எழுதி வைத்தார். மல்லாந்து படுங்கள். கால் விரல்களை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, சட்டென்று விடுங்கள். விட்ட பிறகு அந்தத் தளர்ச்சியைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், கடைசியில் முகம். மூச்சை நிதானமாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஒரு வாரம் பழகினால் தோளுக்கு வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

உடம்பு தளர்ந்தாலும் மனசு ஓடுகிறதா? கடைக் கடன், பிள்ளை பள்ளிச் செலவு, நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை எல்லாம் தலைக்குள் சுற்றுகிறதா? படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் சொன்னது. கடன் தீராது, ஆனால் தலையில் சுமந்ததைத் தாளில் இறக்கி வைத்தது போலாகும்.

எழுத வராதவர்களுக்கு ஒரு விளையாட்டு. ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அதில் தொடங்கும் பொருள்களை ஒவ்வொன்றாக மனசில் படம் பாருங்கள். 'க' என்றால் கம்பளி, கத்தரிக்காய், கங்காணி, கன்றுக்குட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் போவதுதான் நல்லது. கவலை என்பது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும் சங்கிலி. இந்த விளையாட்டு அந்தக் கோர்வையை அறுத்துவிடும்.

எப்படியும் இருபது நிமிஷத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டே கிடக்காதீர்கள். கடிகாரத்தையும் பார்க்காதீர்கள். எழுந்து போய் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியல் அறிஞர் 1972இல் வகுத்த முறை இது. படுக்கை என்றாலே தூக்கம் என்று உடம்பு பழகிக்கொள்ள வேண்டும், போராட்டம் என்று பழகிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கருத்து. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் வீட்டில் எங்கே எழுந்து போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படுக்கையிலேயே எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருங்கள். விளக்கைப் போட வேண்டாம். அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதென்றாலும் பாருங்கள். அடுத்தவர் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். மாத்திரைக்கு முன்னால் இப்படிப்பட்ட பழக்கப் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்களின் கல்லூரியே சொல்லியிருக்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது?

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இங்கே பத்து நிமிஷம், அங்கே ஒன்பது நிமிஷம். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் ஒரு மனிதனுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அந்த மணிக்கணக்கை எந்த மூச்சுப் பயிற்சியும் கொடுக்காது.

"எனக்கென்ன, தலையணையில தல வச்சா தூக்கம்" என்று பெருமை பேசுகிறவர்களும் நம்மில் உண்டு. நன்றாகத் தூங்கும் மனிதனுக்கே தூக்கம் வரப் பத்து இருபது நிமிஷம் ஆகும். தலை வைத்த நொடியில் தூங்குவது பெரும்பாலும் தூக்கக் கடன். அந்தக் கடனோடுதான் நம் பிள்ளைகள் சிலர் காய்கறி லோரியை ராத்திரியில் வளைவு வளைவாக மலையிறக்குகிறார்கள்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு. இது மே தினத்தின் அடிப்படை. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினமும் இந்தக் கோரிக்கையின் வழி வந்ததுதான். அந்த மூன்று எட்டில் வேலையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஓய்வைப் பற்றிப் பேசவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேரம் 45 ஆனது. வரவேற்கிறோம். ஆனால் மாதம் 104 மணி நேரம் வரை மிகைநேர வேலை வாங்கலாம். 26 நாளுக்குப் பிரித்தால் தினம் நாலு மணி நேரம்! சம்பளம் போதாததால் நாமும் கேட்டு வாங்கிச் செய்கிறோம்.

அதே நாளில் இன்னொன்று நடந்தது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு நீக்கப்பட்டது. தொழிற்சாலையிலும் விவசாயத்திலும் பெண்களை ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரை வேலை வாங்கக் கூடாது, தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு இல்லாமல் மறுநாள் வேலையைத் தொடங்கச் சொல்லக் கூடாது என்று இருந்த பிரிவு அது. விதிவிலக்கு வாங்க வழி இருந்தது என்றாலும் எழுத்தில் இருந்தது. ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் சமத்துவம் என்றால், பெண்ணுக்கு இருந்த 11 மணி நேரத்தை ஆணுக்கும் கொடுத்திருக்க வேண்டாமா? இருந்ததையும் எடுத்துவிட்டு இருவருக்கும் இல்லை என்பது என்ன சமத்துவம்? ஐரோப்பிய நாடுகள் 1993லேயே, ஒரு வேலை நாளுக்கும் அடுத்த வேலை நாளுக்கும் நடுவே 11 மணி நேர ஓய்வு என்று எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக விதி செய்தன. அங்கே இருப்பதும் இதே மனித உடம்புதான்!

"கொழுந்து காத்திருக்காது, பண்டிகைக்குப் பூ காத்திருக்காது" என்று நிர்வாகம் சொல்லும். சரி. அவசர நாட்கள் எவை என்று முன்கூட்டியே எழுதி வைப்போம். அந்த நாட்களுக்கு ஈடாக மறு வாரம் ஓய்வு கொடுக்கட்டும். வருஷம் முழுதும் அவசரம் என்றால் அதற்குப் பெயர் ஆள் பற்றாக்குறை.

வீட்டையும் பார்க்க வேண்டும். தொழிலாளர் தங்குமிடங்களுக்கு 2020இல் வந்த விதிகளில், ஆளுக்கொரு கட்டில், நாலு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை என்று இருக்கிறது. இந்த மலையில் எத்தனை பேர் அப்படிப் படுத்திருக்கிறார்கள்? 2024 ஜனவரி 26ஆம் நாள் அதிகாலையில், இதே கம்போங் ராஜா புளூ வேலிப் பகுதியில் மண் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் நம் மொழி பேசியவர்கள் இல்லை. ஆனால் நம்மைப் போல் வேலைக்காக இந்த மலை ஏறியவர்கள். மழை பெய்யும் ராத்திரியில் சரிவுக்குக் கீழே கண் மூடப் பயப்படுகிறவனிடம், கால் விரலை இறுக்கி விடு என்று சொல்வது கேலி. அவனுக்குத் தேவை பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு.

நிர்வாகத்தைக் கேட்டுவிட்டு நம் வீட்டைக் கேட்காமல் விடுவதும் நியாயம் இல்லை. லயத்தில் கடைசியாகப் படுப்பது யார், முதலில் எழுவது யார்? லட்சுமணனின் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை தூங்கினாள் என்று கதை சொல்வார்கள். நம் வீட்டு அம்மாக்களுக்காகத் தூங்க ஆள் இல்லை. ராத்திரிச் சட்டி பானையை ஆண்கள் கழுவட்டும். காலைக்கு வேண்டிய காய்கறியைப் பிள்ளைகள் நறுக்கி வைக்கட்டும். அரை மணி நேரம் அவளுக்கு மிச்சமாகும்.

தோழர்களே, இன்று ராத்திரி காலைச் சூடாக்கிக்கொண்டு, கைப்பேசியைத் தூர வைத்துவிட்டுப் படுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு மூன்று தீர்மானத்தோடு வாருங்கள்: இரண்டு வேலை நாளுக்கு நடுவே, ஆண் பெண், உள்நாட்டவர் வெளிநாட்டவர் என்ற பேதம் இல்லாமல், 11 மணி நேர ஓய்வு கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், மிகைநேரம் இல்லாமலே குடும்பம் நடத்தும் அளவுக்கு அடிப்படைச் சம்பளம் உயர வேண்டும், சரிவுக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வீடும் மழைக்காலத்துக்கு முன் சோதிக்கப்பட வேண்டும்.

வேலை நேரத்தைக் கேட்டு வாங்கிய நாம், தூங்கும் நேரத்தையும் கேட்டு வாங்குவோம்!